காங்கேசன்துறையில் ஒரு விடுமுறை நாள்

விடுமுறை என்றதும் மலைநாட்டையும் தலைநகரையும் நாடிச் செல்வோர் பலர். நாமோ இம்முறை எம் அயலில் உள்ளதையே கண்டு வருவோம் எனத் துணிந்தோம். சென்ற ஞாயிறு காலை, இல்லாளும் பிள்ளைகள் இருவரும் மாமனாரும் உடன்வர, யாழ்ப்பாணத்திற் புகையிரதம் ஏறினோம். மாமனார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிற் பல்லாண்டு பணிபுரிந்தவர். 1990இல் ஊரை விட்டு வெளியேறியபின், எத்தனை முறை அழைத்தும் அப்பக்கம் வர மறுத்தவர். பேரப்பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு அன்று இசைந்தார்.

காங்கேசன்துறைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1902இல். போரினால் 1990இல் அற்றுப்போன சேவை, 2015இலேதான் மீண்டும் இத்துறையைத் தொட்டது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எனச் செம்மண் தோட்டங்களினூடே வண்டி சென்றது. மாவிட்டபுரம் நெருங்கியதும் மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார்.

தொழிற்சாலையை வீதியோரத்தில் நின்றே பார்த்தோம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950இல் உற்பத்தி தொடங்கிய ஆலை இது. நாற்பது ஆண்டுகள் இயங்கி, 1990இல் ஓய்ந்தது. துருவேறிய இரும்பையும் வெறுஞ்சுவர்களையும் நெடுநேரம் நோக்கிய மாமனார், மெல்ல ஆசிரியராக மாறினார்.

“சுண்ணக்கல்லை உடைத்து, முருங்கனிலிருந்து வரும் களிமண்ணோடு கலந்து அரைப்போம். சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரித்தால், அது கரிய கட்டிகளாகும். அவற்றோடு சிறிது ஜிப்சம் சேர்த்துப் பொடித்தாற் சீமெந்து” என்றார்.

கல் அகழ்ந்த பள்ளமொன்றில் நீர் தேங்கி நின்றது. “அம்மப்பா, இது குளமோ?” என்றாள் இளையவள்.

“இல்லைப் பிள்ளை. இங்கே கிடந்த கல்தான் எத்தனையோ ஊர்களில் வீடாய் நிற்கிறது.”

அங்கிருந்து கீரிமலை சென்றோம். அலை எட்டும் தூரத்திலேயே நன்னீர்க் கேணி! நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கியது இத்தீர்த்தத்தில் என்பது ஐதிகம். நிலநூலார் கூறுவதும் வியப்பில் குறைந்ததன்று. பேராறு ஏதுமற்ற குடாநாட்டில், மழைநீரைத் தன் நுண்துளைகளில் ஏந்தி வைப்பது அதே சுண்ணக்கல்லே. உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய் நன்னீர் மிதக்கிறது. அதையே நம் கிணறுகள் தருகின்றன. ஆலைக்கு உணவான கல்லே எமக்கு நீர்த்தொட்டியும் ஆகின்றது என்பதை மூத்தவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நீராடியபின் பசி உரத்துப் பேசியது. மாவிட்டபுரத்து உறவினர் வீட்டில் ஒடியற் கூழ் காத்திருந்தது. பனங்கிழங்கைப் பச்சையாய்ப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதன் மாவை நீரில் ஊறவிட்டு, காறல் போக வடித்தெடுத்திருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை யாவும் வெந்த பானையில் அம்மாவைக் கரைத்துவிட்டு, செத்தல் மிளகாயும் புளியும் கூட்டியது சைவக் கூழ். வேப்பமர நிழலில் வட்டமாயிருந்து, பனையோலைப் பிளாவில் ஏந்தி, ஊதி ஊதிக் குடித்தோம். காரம் தாளாது மூக்கை உறிஞ்சிய பிள்ளைகளும் மீண்டும் பிளாவை நீட்டினர்.

“கல்லும் கிழங்கும் மண்ணிலிருந்து கிண்டுவதுதான்” என்று மாமனார் சிரித்தார். “கிழங்கு அடுத்த ஆண்டும் முளைக்கும். கல் முளையாது.”

“அப்படியானால் ஆலை மீண்டும் வேண்டாமோ?” என்றான் மூத்தவன்.

அவர் உடனே விடையிறுக்கவில்லை. “வேலையில்லாத வீடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ராசா. உவர்க் கிணறு உள்ள வீடும் தெரியும். இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். அதற்காகவேனும் நன்றாய்ப் படியுங்கள்.”

வகுப்பறையில் நாம் பல ஆண்டுகளாய்ச் சொல்ல முயன்றதை அவர் ஒரு பிளாக் கூழுக்கிடையில் சொல்லிவிட்டார்.

மாலை வண்டியில் பிள்ளைகள் உறங்கினர். சாளரத்தோரம் இருந்த மாமனார் எம் பக்கம் திரும்பி, “அடுத்த விடுமுறை எப்போது வரும், தம்பி?” என்றார்.