மாமா வரும் வரை

2000 அக்டோபரில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2 விற்பனைக்கு வந்தது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு அது வந்தது 2004 மார்ச்சில். நடுவில் இருந்த காலம் முழுக்க நானும் அக்காவும் வேறு எதையாவது விளையாடிக்கொண்டு, "மாமா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாமா, அம்மாவின் தம்பி. நியூஜெர்சியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். பாட்டி, அம்மா, அப்பா, அக்கா என்று ரிசீவர் கைமாறிக் கடைசியில் என்னிடம் வரும்போது, "மாப்ளே, உனக்கு என்னடா வேணும்?" என்பார். நான் அந்த ஒரே பதிலைச் சொல்வேன். "அடுத்த லீவுக்கு வர்றப்ப கொண்டாரேன்" என்பார். 2001 தீபாவளிக்கு வருவதாகத்தான் இருந்தது. செப்டம்பரில் நியூயார்க்கில் அந்தக் கோபுரங்கள் விழுந்தன. கம்ப்யூட்டர் வேலைகளும் அந்தச் சமயத்தில் ஆட்டம் கண்டிருந்தன. "இப்ப வெளியில போனா திரும்ப உள்ளே விடுவானோ என்னமோ" என்று மாமா பயணத்தைத் தள்ளிப்போட்டார். அடுத்த வருடமும் தள்ளினார். கடைசியில் பாட்டிதான் கெடு வைத்தாள்: "மாமாங்கத்துக்காவது வந்து சேருடா." எங்கள் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மாமாங்கம், அதாவது மகாமகத் திருவிழா, 1992-க்குப் பிறகு 2004-இல்தான். ஒரு விளையாட்டுச் சாமானுக்காகப் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் காத்திருந்த பிள்ளைகள் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

அதுவரைக்கும் என்று இருந்தது டிவி கேம். அப்பா ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனபோது பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தது. 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது நிண்டெண்டோ என்ற பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அட்டைப் பெட்டியின் மேல் இருந்த பெயரும் நம்புகிற மாதிரி இல்லை. உடன் வந்த மஞ்சள் கேசட்டில் 9999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. பட்டியலில் கொஞ்ச தூரம் இறங்கினால் பழைய விளையாட்டுகளே வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். 9999 வரை போய்ப் பார்த்துவிடுவது என்று நான் ஒரு விடுமுறையில் இறங்கினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

விளையாடுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. டிவிக்குப் பின்னால் போய் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் வயரைச் செருக வேண்டும். பிறகு டியூனிங்கைத் துளித்துளியாகத் திருக வேண்டும். புள்ளி மழைக்குள் ஒரு நிழல் தெரியும், மறையும், மறுபடி தெரியும். அக்கா முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்பாள். படம் வராவிட்டால் கேசட்டை உருவி அடிப்பக்கம் வாய் வைத்து ஊதுவோம். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை, கழற்றி மாட்டுவதால்தான் சரியாகிறது, எச்சில் ஈரம் செப்பு முனைகளைக் கெடுக்கத்தான் செய்யும் என்கிறார்கள். இருக்கட்டும். ஊதாமல் மாட்டிய கேசட்டை நாங்கள் நம்பியதில்லை.

அப்பாவுக்கு ஒரு பயம். கேம் ஆடினால் டிவியின் பிக்சர் டியூப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை வந்து டிவியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார். உண்மையில் கொதித்துக்கொண்டிருந்தது அடாப்டர்தான். அதை யாரும் தொடவில்லை.

மாரியோவில் நான் கெட்டி. 1985-இல் வந்த அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று குடும்பக் குழுவில் பெரியப்பா தினமும் அனுப்பும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்தையும் புதரையும் ஒரே வடிவத்தில் வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதை முதலில் கவனித்தவள் அக்கா. கோண்ட்ரா என்ற இன்னொரு விளையாட்டில் முப்பது உயிர் தரும் மந்திரம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ. கோனாமி நிறுவனத்தில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போது தன்னாலேயே அதை முடிக்க முடியவில்லை என்று செருகி வைத்த குறுக்குவழி அது. 2020-இல் அவர் காலமானார் என்ற செய்தியைப் படித்தபோது என் கட்டைவிரல் தானாக அசைந்தது.

ஆனால் எங்கள் வீட்டு விளையாட்டு என்றால் டேங்க்தான். அதன் பெயர் பேட்டில் சிட்டி என்பதோ நாம்கோ 1985-இல் வெளியிட்டது என்பதோ எங்களுக்கு அவசியப்படவில்லை. திரையின் அடியில் நடுவே ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலே மூன்று இடங்களிலிருந்து எதிரி டேங்குகள் இறங்கி வரும், ஒரு கட்டத்துக்கு இருபது. கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் முடிந்தது கதை, உனக்கு எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும். மஞ்சள் டேங்க் எனக்கு, பச்சை அக்காவுக்கு. நான் நட்சத்திரத்தைத் தேடி மேலே ஓடிவிடுவேன். மூன்று நட்சத்திரம் எடுத்துவிட்டால் இரும்புச் சுவரும் உடையும். அக்கா கீழேயே நிற்பாள். கழுகுக்கு இரண்டு கட்டை தள்ளி, வாசலில் காவல் நிற்பவள் மாதிரி இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருப்பாள். "நீ போய் அடி, நான் பாத்துக்கிறேன்" என்பாள். நான் மேலே அவசரத்தில் சுடும் குண்டு சில நேரம் கீழே வந்து அவள் டேங்கில் படும். பட்டால் அது சிறிது நேரம் நகராது. அந்த இடைவெளியில் எதிரி ஒருவன் செங்கல்லை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். அப்போது திரையில் எழும் வெடியைவிட முதுகில் விழும் அடி பலமாக இருக்கும்.

அதில் நாமே வரைபடம் கட்டும் வசதியும் இருந்தது. அக்கா நோட்டில் கட்டம் போட்டு முதலில் வரைந்துகொள்வாள். ஒருமுறை மகாமகக் குளத்தைக் கட்டினாள். நடுவில் தண்ணீர், சுற்றிலும் செங்கல் படி, மண்டபங்களுக்குப் பதில் இரும்புத் துண்டு. கட்டியதைச் சேமிக்க வழி கிடையாது. சுவிட்சை அணைத்தால் குளமும் போச்சு. கரண்ட் போனால் நாம் அணைக்கவே வேண்டாம்.

கரண்ட் போன நேரத்துக்குப் பென்சில் பேட்டரியில் ஓடும் பிரிக் கேம் இருந்தது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் 1984-இல் உருவாக்கிய டெட்ரிஸ், பிறகு எங்கெங்கோ சுற்றி, சாம்பல் நிறக் கட்டங்களாகக் கும்பகோணம் கடைவீதியில் தொங்கியது. பாட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நீளக் கட்டை வராவிட்டால் "பாவி, குடுக்கிறானா பாரு" என்று யாரையோ திட்டுவாள்.

பள்ளிக்கூடத்தில் பிரின்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் லேபுக்குள் போக வேண்டும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். சார் தலை திரும்பியதும் கறுப்புத் திரையில் பிரின்ஸ் என்று தட்டுவோம். அந்த இளவரசன் ஓடுவதும் எகிறிக் குதிப்பதும் கையை ஊன்றி மேலே ஏறுவதும் நிஜ மனிதனைப் போல இருக்கும். அந்த விளையாட்டை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி, வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்து வரைந்திருந்தார். இளவரசியைக் காப்பாற்ற அறுபது நிமிடம் அவகாசம். எங்கள் பீரியடோ நாற்பது நிமிடம். எனவே எங்கள் பள்ளியின் வரலாற்றில் அந்த இளவரசி ஒருபோதும் மீட்கப்படவில்லை.

வாத்து சுடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிவி கேமோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வந்திருந்தது. புல்வெளியிலிருந்து வாத்து படபடவென்று எழும்பும். சுட வேண்டும். தவறினால் ஒரு நாய் எழுந்து நின்று சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து எங்கள் தெருவில் அழாத பிள்ளை இல்லை. துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் பாய்கிறது என்று நினைத்திருந்தோம். அதில் இருந்து எதுவும் போவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. பழைய குழல் டிவி ஒவ்வொரு வரியையும் சிக்னல் வந்த அந்த நொடியிலேயே எழுதும் என்பதால் இது சாத்தியப்பட்டது. இன்றைய தட்டை டிவிகள் படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுகின்றன. அந்தத் துப்பாக்கியை இன்று எந்த வீட்டு டிவிக்கு நேராக நீட்டினாலும் நாய் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். பரணில் துப்பாக்கி கிடைத்தாலும் பிரயோசனமில்லை. குழல் டிவியைத்தான் எல்லோரும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோமே.

ஒரு வழியாக மாமாங்கம் வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். மாமா பெட்டியைத் திறந்து, வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த நீல அட்டையை எடுத்தார். நான் பிளக்கைக் கையில் எடுத்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீஷியன் சித்தப்பா, "இருடா" என்று அதட்டினார். கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். "120 வோல்ட் போட்டிருக்கான். நம்ம லைன்ல சொருகினா புஸ்ஸுனு போயிடும்." ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். யாராவது வாங்கி பஸ் பார்சலில் போட வேண்டும். அதற்குள் மாமாவின் லீவு முடிந்தது. அக்காவுக்கு பிளஸ் டூ பரீட்சை. அம்மா டிவியின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள். பிளேஸ்டேஷன் வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் பிளேஸ்டேஷனுக்காகக் காத்திருந்தோம், பாட்டியின் பிரிக் கேமை இரவல் வாங்கிக்கொண்டு.

பரீட்சை முடிந்து, டிரான்ஸ்ஃபார்மர் வந்து, மாட்டினால் படம் உருண்டது. டிவியின் பின்னால் வி-ஹோல்டைத் திருகியதும் நின்றது. ஆனால் கறுப்பு வெள்ளை. அமெரிக்க மெஷின் அனுப்புவது என்டிஎஸ்சி வண்ணம், எங்கள் பழைய டிவிக்குத் தெரிந்தது பால் முறை மட்டும். இருந்தது ஒரே டிஸ்க், கிரான் டூரிஸ்மோ 3. பர்மா பஜார் டிஸ்க்கெல்லாம் சிப் போடாமல் ஓடாது. ஆகவே அந்தக் கோடை முழுக்க உலகத்தின் மிக அழகான கார்களைச் சாம்பல் நிறத்தில் ஓட்டினோம். எங்கள் முதல் கார் சிவப்பு என்று அக்கா சாதித்தாள், நீலம் என்று நான். அவள் கவுன்சலிங்கில் இடம் கிடைத்துக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அந்த வருடத் தீபாவளிக்குப் புது டிவி வந்தது. கார் பச்சை.

லீவுக்கு வந்த அக்கா அந்தப் பச்சைக் காரை ஒரு சுற்று ஓட்டினாள். "நல்லா இருக்குடா" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "டேங்க் எங்க?" என்றாள். புதுசு வந்துவிட்டதே என்று அம்மா டிவி கேமைத் துப்பாக்கியோடும் கேசட்டோடும் பின் தெருப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள். அக்கா அம்மாவிடம் சண்டை போட்டாள். அதுவும் தீபாவளிக்கு முதல் நாள். பிளேஸ்டேஷன் 2 மொத்தம் 15 கோடிக்கு மேல் விற்றது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதனால் நடந்த ஒரே பெரிய சண்டை, அது எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதோ அந்தப் பழைய மெஷினுக்காக நடந்ததுதான்.

பிளேஸ்டேஷன் 5 வெளிநாடுகளில் 2020 நவம்பரில் வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி ஆயிற்று. வந்ததும் தீர்ந்துபோயிற்று. கொரோனா காலச் சிப் தட்டுப்பாடு. அக்கா பையன் அதற்காகத் தவித்துக்கொண்டிருந்தான். அதுவரை ஆடட்டும் என்று அக்கா தன் போனில் எங்கிருந்தோ டேங்கை இறக்கிக் கொடுத்தாள். அவன் முதல் கட்டத்திலேயே தோற்றுவிட்டு அவளிடம் கேட்டானாம்: "அம்மா, அது கழுகுதானே, ஏன் பறந்து போயிடக் கூடாது?" இத்தனை வருடம் காவல் நின்றவளுக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்குப் போன் போட்டு, சிரித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

மாமா கொண்டுவந்த பெட்டியை எப்போதோ சித்தப்பா பையனுக்குக் கொடுத்தாயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அம்மாவிடம் இருக்கிறது. மாமா அடுத்த முறை வந்தபோது கொண்டுவந்த கால் மசாஜ் மெஷினும் 120 வோல்ட்தான்.