பேட்டையில் ஒரு சிறுசோற்று விருந்து

நெல்லையிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் டவுணை அடுத்து வருவது பேட்டை. பேட்டை என்றாலே வணிகம் நிகழும் புறநகர் என்று பொருள். சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியினின்று பிரியும் நெல்லைக் கால்வாய் இப்பக்கமாகத்தான் டவுணுக்குச் செல்கிறது. பீடி சுற்றும் கைகள் ஓயாத தெருக்கள் இங்கு உண்டு. சென்ற கோடை விடுமுறையில், இல்லங்களைச் சந்திக்கச் சென்ற நான், ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.

அங்கே சமையல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மூன்று கற்களே அடுப்பு. தேங்காய்ச் சிரட்டையே பானை. சலித்த மணல் சோறாயிற்று. செங்கல் தூள் வத்தல்பொடியாயிற்று. ஈரக் களிமண்ணைச் சிரட்டையில் அழுத்திக் கவிழ்த்தால் இட்டலி! கிள்ளிய வேப்பிலை கீரை, பூவரசிலையே உண்கலம். தீயில்லா அடுப்பை ஒரு சிறுவன் கண் கசியக் கசிய ஊதிக்கொண்டிருந்தான்.

இதனையே நம் முன்னோர் ‘சிறுசோறு’ என்றனர். மணல்வீடு ‘சிற்றில்’ எனப்பட்டது. பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றிலுக்கென ஒரு பருவமே உண்டு. இம்மாவட்டத்து அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்றது. தை மாதத்தில் சிறுமியர் சிறுவீட்டுப் பொங்கலிடும் வழக்கமும் தென்பாண்டி நாட்டுக்கு உரியதே.

நம் ஆண்டவரும் சிறுவர் விளையாட்டைக் கூர்ந்து கவனித்தவரே. சந்தைவெளியில் குழந்தைகள் திருமண வீடும் சாவு வீடும் நடித்து விளையாடியதை மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டுகிறார். பெரியோர் வாழ்வதையே பிள்ளைகள் விளையாடுகின்றனர்.

அவ்வுண்மையை அன்று நேரில் கண்டேன். “சாமிக்கும் ஒரு எலை போடு” என்றான் அடுப்பூதியவன். எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி எல்லாருக்கும் பரிமாறினாள். சிரட்டை காலியாயிற்று. அவள் இலையில் ஒன்றுமில்லை.

“உனக்கு எங்கே, அம்மா?” என்றேன்.

“எனக்குப் பசிக்கல, சாமி. நீங்கல்லாம் சாப்பிடுங்க” என்றவள், சிரித்துக்கொண்டே, “எங்கம்மை தெனமும் இப்பிடித்தான் சொல்லுவா” என்றாள்.

திண்ணையில் பீடிச் சுளகுடன் அமர்ந்திருந்த தாய் தலை நிமிரவில்லை. “பிள்ளைய வெளையாட்டு, சாமி” என்றார் மெதுவாக.

அந்த வீட்டில் நான் பலமுறை காப்பி அருந்தியிருக்கிறேன், ஆசீர் வழங்கியிருக்கிறேன். அடுக்களையில் அரிசி உண்டா என ஒருமுறையேனும் கேட்டதில்லை. ஆண்டுக்கணக்கில் நான் காணாததை ஒரு சிரட்டை மணல் காட்டிற்று. அன்றிரவே வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசினேன். வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாதவாறு ஆவன நடைபெற்றன.

அன்பார்ந்த பெற்றோரே, விளையாடுவது குழந்தையின் உரிமை என 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (பிரிவு 31) கூறுகிறது. ஆகவே, “மண்ணைத் தொடாதே” என்று அதட்டாதீர்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவை நஞ்சு. அவற்றை மட்டும் விலக்கிவையுங்கள். விளையாட்டு முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவச் செய்யுங்கள். அதற்குமுன், சற்றுநேரம் அவர்களருகே அமர்ந்து அந்த மணற்சோற்றை உண்பதுபோல் பாவனை செய்யுங்கள். யாருடைய இலை வெறுமையாக இருக்கிறது என்பதையும் பாருங்கள்.