லைலாகிட்ட யாராவது கேட்டாங்களா?

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆல்பம் விமர்சனம் எழுதறேன்னு சொல்லித்தான் ஆசிரியர் குழுகிட்ட இந்தப் பக்கத்தை வாங்கினேன். அது பாதி உண்மைதான்.

ஆல்பத்தின் பெயர் ‘ஐ ஆம் த மூன்’. வாசிப்பது டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்ட். அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம், ஜாக்சன்வில்லில் இருக்கிற கணவன் மனைவி ரெண்டு பேர் நடத்தற குழு. மனைவி சூசன் டெடெஸ்கி பாடுவார், கிடாரும் வாசிப்பார். கணவர் டெரெக் ட்ரக்ஸுக்குக் கிடார் மட்டும்தான், வாயே திறக்க மாட்டார். ரெண்டு டிரம்ஸ், ஊதுகுழல்கள், பின்பாட்டு எல்லாம் சேர்த்து மேடையில் 12 பேர். ப்ளூஸும் சோலும் கலந்த இசை. 2022 ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் நாலு பாகமா வந்துச்சு. மொத்தம் 24 பாட்டு.

நான் போனது கிடாருக்காக. டெரெக் வாசிக்கிறது ஸ்லைடு. விரல்ல ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கிட்டு, கம்பியை அழுத்தாம மேலாகவே நகர்த்துவார். அதனால ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கிற ஸ்வரமெல்லாம் வெளியே வரும். பிக்கும் கிடையாது, வெறும் விரல்தான். முதல் பாகத்தின் கடைசியில் ‘பசாக்வான்’னு 12 நிமிஷத்துக்கு ஒரு வாத்திய இசை இருக்கு, ஹெட்போன் போட்டுக் கேளுங்க. டுவேன் ஆல்மன் ஒரு சளி மாத்திரை பாட்டிலை மாட்டிக்கிட்டுதான் ஸ்லைடு வாசிச்சார்னு படிச்சேன். உடனே நானும் ஹாஸ்டல்ல ஒரு மருந்து பாட்டிலைக் கழுவி மாட்டிப் பார்த்தேன். பக்கத்து ரூம்லேர்ந்து செருப்பு வந்துச்சு.

டுவேன் பேரைச் சும்மா எடுக்கல. 1970ல எரிக் கிளாப்டன் தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவியைக் காதலிச்சார். அந்தத் தவிப்புல இருந்தப்போ, பாரசீகக் கவிஞர் நிசாமி 12ஆம் நூற்றாண்டில் எழுதின லைலா மஜ்னு கதை அவர் கைக்கு வந்துச்சு. ‘லைலா’ பாட்டும், அதே பேர் வெச்ச ஆல்பமும் அப்படிப் பிறந்ததுதான். அதுல கிளாப்டனோட சேர்ந்து ஸ்லைடு வாசிச்சவர் டுவேன். குழுவின் பேர் டெரெக் அண்ட் த டாமினோஸ். டெரெக் ட்ரக்ஸுக்குப் பேர் வெச்சதே அந்தக் குழுவைப் பார்த்துதான். இன்னொரு ஆச்சரியம், அந்த ஆல்பம் வெளியான 1970 நவம்பர் 9தான் சூசன் பிறந்த நாள்!

2019ல வர்ஜீனியாவில் ஒரு இசை விழாவில் இவங்க அந்த ஆல்பத்தை முழுசா மேடையில் வாசிச்சாங்க. அடுத்த வருஷம் கொரோனா. கச்சேரி எதுவும் இல்லாம எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தப்போ, குழுவின் பாடகர் மைக் மேட்டிசன், மூலக்கதையான நிசாமியையே எல்லாரும் படிப்போம்னு சொன்னார். படிச்சா, கிளாப்டனின் ஆல்பத்தில் இருக்கிறது முழுக்க ஆணின் பக்கம். அப்போ லைலா என்ன நினைச்சா? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த 24 பாட்டும் கிளம்பியிருக்கு.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

காரணம், போன ஏப்ரல் கல்ச்சுரல்ஸ். நம்ம பேட்ச் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். என் ரூம்மேட் மேடை ஏறி, எங்க டிபார்ட்மெண்ட் பி செக்ஷன் பொண்ணு ஒருத்தியின் பேரை மைக்ல சொல்லி, “இந்தப் பாட்டு உனக்காக”ன்னு பாடினான். ஆடிட்டோரியமே விசிலடிச்சுச்சு. பாடினது அவன், கிடார் நான். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அவ அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லியிருந்தா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், “விடாத மச்சான், பொண்ணுங்க அப்படித்தான் சொல்லுவாங்க”ன்னு சொன்னதும் நான்தான். எந்தப் படத்துலேர்ந்து எடுத்த ஞானமோ.

நிசாமியின் கதையில், லைலாவின் அப்பா மஜ்னுவுக்குப் பெண் தர மறுத்ததுக்குக் காரணம் இருக்கு. அவன் தெருத்தெருவா அவ பேரைச் சொல்லிப் பாடிக்கிட்டுத் திரிஞ்சான். ஊரே பேசுச்சு. அவ வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தா. அவளும் கவிதை எழுதினவதான், துண்டுச்சீட்டுல எழுதிக் காத்துல பறக்கவிடுவா. லைலாவுக்காவது மஜ்னு மேல காதல் இருந்துச்சு. எங்க கதையில அதுவும் கிடையாது. கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு ஒரு வாரம் அவ காலேஜுக்கே வரல. ‘வெட்கம்’னு நாங்க பேசிச் சிரிச்சோம். அறுபது பேர் இருக்கிற வகுப்புல நாலே பொண்ணுங்க. அதுல ஒருத்தியா உட்கார்ந்து பார்த்தா எப்படி இருக்கும்னு எங்க யாருக்கும் தோணல.

சூசனின் குரல்ல கெஞ்சல் இல்ல, கொஞ்சலும் இல்ல. அடித்தொண்டையிலிருந்து வர்ற கரகரப்பு. இத்தனை நாளும் நான் காதல் பாட்டைக் கேட்டதெல்லாம் பாடறவன் பக்கத்துல நின்னுதான். இதைக் கேட்டப்போ, பாட்டு யார் மேல வந்து விழுதோ அவ இடத்துல நான் இருந்த மாதிரி இருந்துச்சு. குறை இல்லாம இல்ல. நாலு பாகத்தையும் ஒரே மூச்சில் கேட்டா நடுவுல தொய்வு தெரியும். நாலையும் ரெண்டா சுருக்கியிருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. நீங்க ஒரு நாளைக்கு ஒரு பாகம்னு கேளுங்க.

போன வாரம் தெர்மல் லேப் வாசல்ல, கையில ரெக்கார்டு நோட்டோட அவ நின்னுட்டிருந்தா. நான் பக்கத்துல போய், ஒத்திகை பார்த்து வெச்சிருந்த வார்த்தை எல்லாம் மறந்து, “ஏப்ரல்ல நடந்ததுக்கு ஸாரி”ன்னு மட்டும் சொன்னேன்.

அவ உடனே பதில் சொல்லல. நோட்டின் பிரவுன் அட்டை ஓரத்தை நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்தா.

“நீதானே கிடார் வாசிச்ச?”

“ஆமா.”

“ஸ்கூல்லேர்ந்தே எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு அது. பஸ்ல தினமும் கேப்பேன். இப்ப வந்தா மாத்திடறேன்.”

உள்ளேர்ந்து வைவாவுக்கு அவ ரோல் நம்பரைக் கூப்பிட்டாங்க. போயிட்டா.