ஹாலந்தின் பூங்கிழங்குகள்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் எதை வைத்தாலும் வளரும். வாழை வளரும், சேம்பு வளரும், மணத்தக்காளி கேளாமலே வளரும். ஆகவே, 2018-ஆம் வருஷத்தில் ஒரு செடிப் பண்ணையில் ஒரு டஜன் டூலிப் கிழங்குகள் வாங்கியதும், ‘ஈரமுள்ள மண்ணில் நடவும்’ என்று உறையின்மேல் அச்சிட்டிருந்ததை நம்பி, அவற்றைக் கிணற்றடியிலேயே நட்டேன். இருபது நாட்கள் கழித்துத் தோண்டிப் பார்த்தேன். கிழங்கு இல்லை, அழுகிய வெங்காயத்தின் நாற்றம் மட்டும் இருந்தது. “பட்டதாரி நட்ட வெங்காயம் பலன் கொடுத்துவிட்டதாக்கும்!” என்றாள் என் மனைவி.

நான் செய்த பிழை என்ன என்பது மறு வருஷம்தான் விளங்கிற்று. அதைத் தெரிந்துகொள்ள ஹாலந்து தேசத்துக்கே போக நேர்ந்தது.

லெய்டன் நகரில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையின் புதல்வன் அழைத்ததன்பேரில், 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அங்கே சென்றேன். விமானத்தினின்றும் இறங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “மாமா, நீங்கள் இப்போது ஓர் ஏரியின் அடியில் நிற்கிறீர்கள்” என்பது. வேடிக்கையன்று, உண்மை. ஹார்லமர்மேர் என்ற அந்தப் பேரேரியை நீராவி யந்திரங்களைக் கொண்டு இறைத்து, 1852-ஆம் வருஷத்தில் தரையாக்கினார்கள். இன்றும் அந்நிலம் கடல் மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது.

முதல் நாள் லெய்டன் சர்வகலாசாலையின் தாவரத் தோட்டத்தைப் பார்த்தோம். 1590-ல் ஸ்தாபிதமானது அது. க்ளூஸியஸ் என்னும் தாவர சாஸ்திரி 1593-ல் அங்கே வந்து சேர்ந்தார். அவர் நட்ட டூலிப் மறு வசந்தத்தில் மலர்ந்தது. மத்திய ஆசியாவின் மலைச்சாரல்களில் பிறந்து, துருக்கி தேசத்துத் தோட்டங்களில் சீராட்டப்பெற்ற மலர் அது. பிற்பாடு ஹாலந்தினர் அதன்மேல் கொண்ட மோகமும், விலை வானளாவ ஏறி 1637 பிப்ரவரியில் திடீரென்று சரிந்ததும் பலரும் அறிந்த கதை. அக்காலத்துச் சீமான்கள் பொன்னைக் கொட்டி வாங்கிய அந்த வரியோடிய இதழ்கள், செடிப்பேன் பரப்பும் ஒரு நோயின் விளைவு என்பது வெகு காலத்துக்குப் பிறகே தெரிய வந்தது!

மறுநாள் லிஸ்ஸே என்ற ஊருக்குப் போனோம். அங்கேதான் 1950-ல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்ட கியூக்கன்ஹாப் பூந்தோட்டம் இருக்கிறது. எண்பது ஏக்கர் நிலம். இலையுதிர் காலந்தோறும் நடும் கிழங்குகள் சுமார் எழுபது லட்சம். தோட்டம் திறந்திருப்பதோ ஏறக்குறைய எட்டே வாரங்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நிறங்களை அடுக்கி எழுதிப் பயனில்லை. ஹயசிந்த் மலர்களின் வாசனை நம்மை வழிமறித்து நிறுத்துகிறது என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன்.

தோட்டத்துக்கு வெளியே பரந்து கிடந்த வயல்களில் ஒரு காட்சி என் நெஞ்சைப் பதறச் செய்தது. நன்றாக மலர்ந்திருந்த பூக்களின் தலைகளையெல்லாம் யந்திரத்தால் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்! வரப்போரத்தில் நின்ற முதியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவர் சொன்னதை மருமான் மொழிபெயர்த்தான்: “பூவை விட்டுவைத்தால் செடி விதைக்குச் செலவழிக்கும். பூவை எடுத்தால் கிழங்குக்குச் சேமிக்கும். நாங்கள் விற்பது கிழங்கு.”

என் கிணற்றடிச் சரித்திரத்தைச் சொன்னேன். அவர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து என் கையில் வைத்து, பிசையச் சொன்னார். மணல் கலந்த மண்; பிடித்தால் உருண்டையாக நின்றது, ஒரு சொட்டு நீர் கசியவில்லை. “இதுதான் ஈரம். நீங்கள் வைத்தது சேறு” என்றார்.

பிறகு பக்கத்துக் கால்வாயைக் காட்டினார். அவ்வயல்களில் நிலத்தடி நீரை, தரைக்குச் சுமார் இரண்டடி கீழே எப்போதும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிறார்கள். மழை மிஞ்சினால் நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். வறட்சி கண்டால் உள்ளே விடுகிறார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மணலின் வழியே ஈரம் வேருக்கு ஏறுகிறது. கிழங்கோ நீரில் நனைவதில்லை. ஒருவன் தன் வயலில் மட்டும் இதைச் செய்துகொள்ள முடியாது. ஊர் முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கென்று அப்பகுதியில் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே ஒரு நீர் நிர்வாக சபை இருந்து வருகிறது. கோடையில் கிழங்கைத் தோண்டி எடுத்த பின், சில வயல்களில் வேண்டுமென்றே பல வாரங்கள் தண்ணீரைத் தேக்கி, மண்ணிலுள்ள நுண்புழுக்களைக் கொல்வதும் உண்டாம்.

“உங்கள் ஊரில் நன்றாக நட்டிருந்தாலும் பூத்திராது. இதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாத குளிர் வேண்டும்” என்று சொல்லிச் சற்று நிறுத்திய முதியவர், மெல்லிய குரலில் வேறொன்றையும் சொன்னார்.

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் வசமிருந்த மேற்கு ஹாலந்துக்கு உணவு வருவது தடைப்பட்டது, கால்வாய்களும் உறைந்தன. சுமார் இருபதினாயிரம் பேர் மாண்டார்கள். அப்போது ஜனங்கள் டூலிப் கிழங்குகளை வேகவைத்தும் மாவாக அரைத்தும் உண்டார்கள். நடுவிலுள்ள மஞ்சள் முளை விஷமுள்ளது. அதைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். “என் தாயார் கடைசி நாள்வரை பூக்களை ஜாடியில் வைத்து அழகு பார்த்தாள். ஆனால் கிழங்கைக் கையில் எடுத்தால் மட்டும் பேசாமல் இருந்துவிடுவாள்” என்றார் அவர்.

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மண்ணுருண்டை இன்னும் என் கையிலேயே இருந்தது.

ஊர் திரும்பியதும் கிணற்றடியை விட்டு விலகி, மணலும் மக்கிய எருவும் கலந்து ஒரு மேட்டுப் பாத்தி கட்டினேன். நம் வெயிலுக்கு இசைந்த நிலசம்பங்கிக் கிழங்குகளை இரண்டங்குல ஆழத்தில் ஊன்றினேன். அதுவும் மெக்ஸிகோவிலிருந்து வந்த விருந்தாளிதான். எனினும் குளிரைக் கேட்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பிடி மண்ணைப் பிசைந்து பார்த்த பின்பே தண்ணீர் விட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை, கொல்லைக் கதவைத் திறந்த என் மனைவி உள்ளே வந்து, “உங்கள் வெங்காயம் மணக்கிறது” என்றாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை.