ஏறாவூரில் இறங்குவதா?

மதுரைக்காரர் மட்டக்களப்புக்கு வந்தது வாவியைப் பார்க்க. ஆனால் அவரைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு சாப்பாட்டுக் கடைச் சண்டை.

பிட்டும் இறால் குழம்பும் வந்திருந்தன. ஊரில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுத் தின்ற பிட்டைக் குழம்பில் பிசைய அவருக்குக் கை வரவில்லை. அப்போது பக்கத்து மேசையில் சாரம் கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார். இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்து, கையிலிருந்த பிளேன்ரீ தளும்பாமல் அரைவட்டம் திரும்பிக் காட்டினார்.

"பாதர் முதல்ல காலைத்தான் பழக்கினவர். பந்தெல்லாம் மறுகா."

பாதர் என்றால் யூஜின் ஹேபியர். 1923இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து, 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி. புனித மைக்கேல் கல்லூரிப் பையன்களைக் கூடைப்பந்தில் நாடறியச் செய்தவர். கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தவர். வெள்ளைக்காரப் பாதிரியார் என்றாலே மதம் பரப்ப வந்தவர் என்றுதான் மதுரைக்காரர் எண்ணியிருந்தார். கால் மாற்றிக் காட்டிய பெரியவரின் நெற்றியிலோ திருநீறு.

1990 ஆகஸ்ட் 15. போருக்கு நடுவே சிக்கியிருந்த அருட்சகோதரிகளுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போன பாதர், ஒரு தமிழ் இளைஞரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். சுமார் 30 கிலோமீற்றர் பாதை. ஏறாவூர்ப் பக்கம் இருவரும் காணாமல் போனார்கள். உடல்களும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. பாதருக்கு அப்போது வயது 66.

"அண்டையில இருந்து ஏறாவூர்ல நான் பஸ்ஸை விட்டு இறங்கினதில்லை" என்றார் பெரியவர்.

எதிரில் இருந்த அவருடைய பழைய அணித் தோழர் தட்டைத் தள்ளி வைத்தார். "நாலு நாளைக்கு முதல் அந்த ஊர்ல என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியாதா மச்சான்? சின்னப் புள்ளைகளையும் விடல்லையே!"

தெரியாமலென்ன. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் 100க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பதே பதிவு. தமிழ் ஊர்களும் பதிலுக்குத் தாக்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஈழத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுபவர்கள்கூட இந்த ஆகஸ்டைத் தொடுவதில்லை. தொட வேண்டும். பாதரின் கதையை அதிலிருந்து பிரித்து எடுத்துச் சொல்ல முடியாது.

"பாதர் இருந்திருந்தா இறங்கியிருப்பார்" என்றார் தோழர்.

"அவர் இறங்குவார். என்னால ஏலாது."

மறுநாள் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிய மதுரைக்காரர் ஏறாவூரில் இறங்கி, தேநீர்க் கடை ஒன்றில் பாதரைப் பற்றி விசாரித்தார். கடைக்காரர் கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, ஆகஸ்ட் 11 இரவில் பறிகொடுத்த தன் காக்காவைப் பற்றி, அதாவது அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வாழைச்சேனைக்கு அடுத்து வந்த பஸ்ஸில் மதுரைக்காரர் ஏறவில்லை. அதற்கடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை.