கூடத்திலே ஒரு கச்சேரி

மகளின் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தேன். பேரனுக்கு மூன்று மாதம் ஆனதும், "வாம்மா, ஒரு கச்சேரிக்குப் போகலாம். சபா இல்லே, வீடு!" என்றாள் மகள். குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பாண்ட் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். புரூக் ஸ்ட்ரீட், 25-ம் நம்பர் வீடு. ஜெர்மனியில் பிறந்த இசைமேதை ஹாண்டல், 1723-லிருந்து 1759-ல் காலமாகும் வரை 36 வருஷம் குடியிருந்த வீடு. அதுவும் வாடகைக்கு! பிற்பாடு கீழ்த்தளம் கடையாகிவிட்டது. 2001-ல் மாடி அறைகளைப் புதுப்பித்துத் திறந்தார்கள். 2023-ல்தான் கீழ்த்தளமும் சமையலறையும் சேர்ந்து மறுபடி முழு வீடாயிற்று.

என் கால் முதலில் போனது சமையலறைக்குத்தான்! அவர் இறந்தபின் எடுத்த சாமான் பட்டியலை வைத்து, பழையபடியே அமைத்திருக்கிறார்கள். மனிதர் நல்ல சாப்பாட்டுப் பிரியராம்.

கச்சேரி முதல் மாடியில். நம் வீட்டு நவராத்திரிக் கூடம் மாதிரி சின்ன அறை. ஹாண்டல் பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்த இடம். ஹார்ப்சிகார்ட் என்ற வாத்தியம், பார்க்கப் பியானோ போலத்தான். ஆனால் உள்ளே தந்தியைச் சுண்டி ஒலி வருகிறது. அதன் மெல்லிய நாதம் பெரிய மண்டபத்தில் கரைந்து போய்விடும். இங்கே, வயலின்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது!

இந்த வீட்டில்தான் 1741-ல், 24 நாளில் 'மெஸையா' என்ற பெரிய இசைப் படைப்பை எழுதி முடித்தார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த லண்டன் இல்லம் ஒன்றுக்கு உதவ, 1750 முதல் அதை அங்கே நடத்தினார். வளர்க்க வழியில்லாத தாய்மார்கள், பின்னால் வந்து கேட்டால் அடையாளம் தெரியட்டும் என்று, குழந்தையோடு ஒரு துணித் துண்டை வைத்துவிட்டுப் போவார்களாம். மகள் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.

கடைசிக் காலத்தில் ஹாண்டலுக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போயிற்று. ஆனாலும் வாசிப்பதை விடவில்லை. இறப்பதற்கு எட்டு நாள் முன்புகூட 'மெஸையா' கச்சேரிக்குப் போயிருந்தாராம். தனக்கென்று குழந்தை குட்டி இல்லாத மனிதர். எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார்!

வீடு திரும்பியதும் மகள் முதல் வேலையாய்த் தொட்டிலைத்தான் எட்டிப் பார்த்தாள். நானுந்தான்.

லண்டன் போகும் சகோதரிகளே, இந்த வீட்டுக்கு அவசியம் போய் வாருங்கள். அறை சிறியது, கச்சேரி கேட்க விருப்பமானால் முன்னதாகவே விசாரித்து டிக்கெட் வாங்கிவிடுங்கள்.