மலைக்கு வர்றீங்களா டாக்டர்?

போடியில் ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைக்கும். போடிமெட்டுக்கு ஏற ஏற, வளைவுக்கு வளைவு குளிர் கூடும். டூருக்கு ஓகே... டாக்டரா வந்து தங்குவீங்களா பாஸ்? 'மேல்படிப்பு என்னாகும்?'னுதானே யோசிக்கிறீங்க!

அதுக்குத்தான், மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் 50 சதவிகிதம் அரசு டாக்டர்களுக்கு. மலை, குக்கிராமம்னா ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. 'மாநிலம் இப்படி ஒதுக்கலாம்'னு 2020 ஆகஸ்ட் 31-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

சரி, சீட் கிடைச்சதும் இறங்கிட்டா? அதே 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. குரங்கணி, கொட்டகுடிப் பிள்ளைங்க தேனி மெடிக்கல் காலேஜில் படிச்சா, மலை அவங்களுக்குத் தண்டனை இல்லை, சொந்த ஊர்!